தொல்பொருள்: விலை வேறு, மதிப்பு வேறு

ஆறாம் வகுப்பில் ‘வரலாறு என்றால் என்ன?’ என்னும் பாடத்தைத் தொடங்குவதற்கு முதல் நாள், வீட்டில் இருப்பவற்றுள் மிகப் பழைய பொருள் ஒன்றை மறுநாள் கொண்டுவரும்படி மாணவர்களிடம் சொல்லியிருந்தேன். குச்சனூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து வரும் பிள்ளைகள். மறுநாள் காலையில் மேசை நிறைந்துவிட்டது. ஓட்டைக் காலணா, மர அஞ்சறைப் பெட்டி, அரிக்கேன் விளக்கு, இரும்புப் பட்டை போட்ட மரக்கால், பாக்குவெட்டி, ஒரு பித்தளைச் சொம்பு.

சொம்பைக் கொண்டுவந்த மாணவன் கேட்ட முதல் கேள்வி: “சார், இதை வித்தா எவ்வளவு சார் கிடைக்கும்?”

வகுப்பு சிரித்தது. ஆனால் அது சிரித்துத் தள்ளிவிட வேண்டிய கேள்வி அன்று. அந்தச் சொம்புக்கு ஒரு ஜோடி இருந்ததாம். போன வருடம் தெருவில் பழைய பாத்திரம் எடுக்க வந்தவரிடம் அதைப் போட்டுவிட்டு இரண்டு பிளாஸ்டிக் குடம் வாங்கினார்களாம். “எடை போட்டுத்தான் சார் குடுத்தாங்க” என்றான். ஆக, விலை பற்றிய கேள்விக்கு அவனிடமே ஒரு விடை இருக்கிறது: கிலோவுக்கு இவ்வளவு. எடை போட்டால் தெரியாத மதிப்பு ஒன்று பழைய பொருளுக்கு இருக்கிறதா, இருந்தால் அது எங்கே இருக்கிறது என்பதே அன்றைய பாடமாயிற்று. அந்தப் பாடத்தை நடத்தியபோது எனக்கு உதவிய செய்திகளையும், வகுப்பில் செய்து பார்த்த சில பணிகளையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பழம்பொருளும் தொல்பொருளும்

பேச்சு வழக்கில் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறோம். சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டத்தின்படி, குறைந்தது 100 ஆண்டுகள் பழமையான சிற்பம், ஓவியம், நாணயம், கல்வெட்டு, கைவினைப் பொருள் போன்றவை தொல்பொருள்கள். அறிவியல், வரலாறு, இலக்கியம், அழகியல் ஆகியவற்றில் மதிப்புடைய சுவடிகளுக்கும் ஆவணங்களுக்கும் 75 ஆண்டுகள் போதும். இந்த வயதை எட்டாத, ஆனால் ஒரு தலைமுறையின் வாழ்க்கையைக் காட்டுகிற பொருள்களைப் பழம்பொருள் என்று சொல்லலாம். ஓட்டைக் காலணா 1943 முதல் 1947 வரை அச்சிடப்பட்டது. அது இன்னும் நூறாண்டைத் தொடவில்லை. ஆனாலும் உலகப் போர்க்கால உலோகத் தட்டுப்பாட்டைக் குழந்தைகளுக்குச் சொல்ல அதைவிட எளிய சான்று கிடைக்காது. செம்பை மிச்சப்படுத்தவே காசின் நடுவில் ஓட்டை விழுந்தது.

இவ்வாறு பொருள்களைப் பிரித்த பிறகு, அவற்றின் மதிப்பை மூன்று கேள்விகளாக்கிக் கரும்பலகையில் எழுதினேன். இதை எப்படிச் செய்தார்கள்? இதை வைத்து எப்படி வாழ்ந்தார்கள்? இது யாரைப் பற்றி, எதைப் பற்றிச் சொல்கிறது? முதல் கேள்வி கலை மதிப்பையும், இரண்டாவது பண்பாட்டு மதிப்பையும், மூன்றாவது வரலாற்று மதிப்பையும் தேடுகிறது.

எப்படிச் செய்தார்கள்?

கலை மதிப்பைச் சொல்லச் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் நல்ல எடுத்துக்காட்டு. முதலில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த கலவையில் உருவத்தை முழுமையாகச் செய்வார்கள். அதன்மேல் வண்டல் மண்ணைப் பூசி உலரவிடுவார்கள். பிறகு சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். உள்ளே உண்டான வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறிய பின் மண் அச்சை உடைத்தால்தான் உருவம் வெளிவரும். அச்சு உடைந்துவிடுவதால் அதே அச்சில் இன்னொன்று வார்க்க முடியாது. எனவே ஒவ்வொரு திருமேனியும் உலகில் ஒன்றே ஒன்றுதான். சுவாமிமலையில் இன்றும் இந்த முறையில் வார்க்கிறார்கள்.

இதைக் கேட்டதும் ஒரு மாணவி, “அப்ப தப்பா ஊத்திட்டா திரும்ப மெழுகுல இருந்தே ஆரம்பிக்கணுமா சார்?” என்றாள். ஆம். கலை மதிப்பு என்பது அழகு மட்டும் அன்று. அந்தக் கை எத்தனை முறை தவறிப் பழகியிருக்கும் என்பதும் சேர்ந்ததுதான். பாக்குவெட்டியின் பிடியில் கொல்லர் செதுக்கியிருந்த கிளியையும் அதே கண்ணோடு பார்க்கச் சொன்னேன்.

எப்படி வாழ்ந்தார்கள்?

மேசையில் இருந்த மரக்கால் பண்பாட்டு மதிப்பைச் சொல்ல வந்தது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல் விளையும் ஊர்கள் இவை. ஒரு தலைமுறைக்கு முன்புவரை களத்து மேட்டில் நெல் அளந்தது மரக்காலில்தான். பொதுவாக எட்டுப் படி ஒரு மரக்கால் என்றாலும் ஊருக்கு ஊர் அளவு மாறும். 1956ஆம் ஆண்டின் எடை, அளவுச் சட்டத்துக்குப் பிறகு மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. மரக்கால் வீட்டுப் பரணுக்குப் போயிற்று.

வகுப்பில் அந்த மரக்காலில் மணலை நிரப்பி, லிட்டர் குவளையால் அளந்து பார்த்தோம். கணக்குப் பாடமும் வரலாற்றுப் பாடமும் ஒரே நேரத்தில் நடந்தன. அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒன்று’ என்னாமல் ‘லாபம்’ என்று சொல்லித் தொடங்குவார்கள் என்று ஒரு மாணவன் தன் தாத்தாவிடம் கேட்டறிந்து வந்து சொன்னான். பொருள் கையில் இருந்ததால்தான் அந்தக் கேள்வி பிறந்தது. கேட்டதால்தான் அந்த வழக்கம் நோட்டில் ஏறியது. மரக்கால் விறகாகிப் போயிருந்தால் அதனோடு அந்தச் சொல்லும் போயிருக்கும்.

எதைப் பற்றிச் சொல்கிறது?

வரலாற்று மதிப்புக்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. தேனி மாவட்டமே ஒரு பாடநூல்.

ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையில் இருக்கிறது புலிமான்கோம்பை. அங்கே 2006ஆம் ஆண்டு தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவினர் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று இவ்வளவுதான் சொல்கிறது: ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’. கூடலூரில் ஆநிரை கவர்ந்தபோது நடந்த பூசலில் இறந்த, பேடு என்னும் ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவனுக்கு எடுத்த கல் என்று இதற்குப் பொருள் கொள்கிறார்கள். இதன் காலம் கி.மு. 4 அல்லது 3ஆம் நூற்றாண்டு எனக் கண்டறிந்தவர்கள் கணித்தனர். சற்றுப் பிற்பட்டது என்று கருதும் அறிஞர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் ஈராயிரம் ஆண்டுகளுக்குக் குறையாத கல்.

இந்தச் சிறு கல் ஏன் அவ்வளவு பேசப்பட்டது? ஆநிரை கவர்தலைத் தொல்காப்பியம் ‘ஆகோள்’ என்ற அதே சொல்லால் குறிக்கிறது. வீரனுக்குக் கல் நட்டு, பெயரும் பீடும் எழுதும் வழக்கத்தைச் சங்கப் பாடல்கள் பாடுகின்றன. ஆனால் அதற்கு முன் நமக்குக் கிடைத்திருந்த எழுத்துடைய நடுகற்கள் பெரும்பாலும் கி.பி. 5ஆம் நூற்றாண்டையும் அதற்குப் பிந்திய காலத்தையும் சேர்ந்தவை. இலக்கியம் சொன்னதற்கு மண்ணிலிருந்து சாட்சி வந்தது புலிமான்கோம்பையில்தான். இன்னொன்றும் உண்டு. தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் பெரும்பாலும் குகைத் தளங்களில், துறவியர்க்குக் கொடையளித்தோர் பெயர்களைச் சொல்பவை. இங்கேயோ மாடு பிடிக்கப் போய் மாண்ட ஒருவனின் பெயரை அவன் ஆட்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுத்து யார் யார் கையில் இருந்தது என்ற கேள்வியை அது புதிதாக எழுப்புகிறது.

இங்கே மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். ‘கூடல் ஊர்’ எது? “நம்ம கூடலூர் சார்!” என்று பல குரல்கள் எழுந்தன. கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில் இன்றும் கூடலூர் இருக்கிறது. கூடல் என்பது மதுரைக்கும் பெயர். எது சரி என்று நாம் முடிவு சொல்லத் தேவையில்லை. கேள்வியை எழுப்ப முடிகிறதே, அது எதனால்? கல் கிடைத்த இடம் நமக்குத் தெரியும் என்பதனால். இதே கல் யாரோ ஒருவருடைய பங்களாத் தோட்டத்தில், எங்கிருந்து வந்தது என்ற விவரம் இல்லாமல் கிடந்திருந்தால், எழுத்தைப் படித்திருக்கலாம். எந்த ஊருக்கும் எந்த ஆற்றங்கரைக்கும் அதைப் பொருத்திப் பார்த்திருக்க முடியாது.

குச்சனூருக்கு மிக அருகில் உள்ள சின்னமனூரும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர் கவனத்துக்கு வந்த சின்னமனூர்ச் செப்பேடுகள் பாண்டியர் வரலாற்றின் தலையாய சான்றுகள். அவற்றுள் பெரிய செப்பேடு 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பாண்டியன் வெளியிட்டது. வடமொழிப் பகுதி கிரந்தத்திலும் தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் அமைந்தவை. பாண்டிய மன்னர்களின் வரிசை, அவர்கள் செய்த போர்கள், மதுரையில் சங்கம் வைத்தது, மகாபாரதத்தைத் தமிழில் ஆக்கியது என்று அதில் வரும் செய்திகளை இன்றும் வரலாற்று நூல்கள் எடுத்தாள்கின்றன. எடைக்குப் போட்டால் அது வெறும் செம்பு. உருக்கினால் சில பாத்திரங்கள் ஆகியிருக்கும்.

போடிநாயக்கனூரில் கிடைத்த வெள்ளி முத்திரை நாணயக் குவியலும் நினைவில் வைக்கத் தக்கது. அவற்றின் பின்புறக் குறியை மீன் வடிவமாகக் கொண்டு, பாண்டியர் வெளியிட்டவையாக இருக்கலாம் என்று நாணயவியலார் கருதினர். குவியலாக ஓரிடத்தில் கிடைத்து, ஒன்றாகப் பதிவானதால்தான் அப்படி ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டிருந்தால் ஒவ்வொன்றும் ஒரு வெள்ளித் துண்டு மட்டுமே.

மூன்று எடுத்துக்காட்டுகளும் சேர்ந்து ஒன்றைச் சொல்கின்றன. தொல்பொருளின் மதிப்பில் பெரும்பங்கு அது கிடந்த இடத்திலும், அதனோடு கிடந்தவற்றிலும் இருக்கிறது. பொருளைத் தூக்கிச் செல்பவர் அந்தப் பங்கைத் தூக்கிச் செல்ல முடியாது, அழித்துவிடத்தான் முடியும்.

மண்ணும் படமும் சொன்ன சாட்சி

இன்றைய திருவாரூர் மாவட்டம் பத்தூரில் 1976ஆம் ஆண்டு ஒரு கூலித் தொழிலாளி மண்ணைத் தோண்டியபோது நடராசர் உள்ளிட்ட செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவர் அரசுக்குத் தெரிவிக்கவில்லை. நடராசர் கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். அங்கே நடந்த வழக்கில் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சாட்சியம் அளித்தார். சிலையில் ஒட்டியிருந்த மண்ணையும் கரையான் தடத்தையும், பத்தூரில் பிறகு கிடைத்த திருமேனிகளில் இருந்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1991ஆம் ஆண்டு நடராசர் தமிழ்நாடு திரும்பினார். அந்த மண்ணைத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தால் அந்தச் சாட்சி இருந்திருக்காது.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசர் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்கு 2008ஆம் ஆண்டு விற்கப்பட்டார். 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் இந்தியாவிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டார். அது அந்தக் கோயிலின் திருமேனிதான் என்று நிலைநாட்ட உதவியது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சேகரிப்பில் இருந்த பழைய ஒளிப்படம். அந்த நிறுவனம் 1950களிலிருந்தே தமிழகக் கோயில்களைப் படமெடுத்து வைத்து வந்தது. எடுத்தபோது அது ஒரு பதிவு மட்டும். பிற்காலத்தில் அதுவே உரிமைச் சான்றாயிற்று.

நம் வகுப்பறைக்கு இதில் நேரடிப் பாடம் இருக்கிறது. ஒரு பொருளைக் காப்பதற்கு நம்மிடம் காவலர்களும் கண்ணாடிப் பெட்டியும் இல்லாமல் இருக்கலாம். பதிவு செய்துவைக்க ஒரு நோட்டும் கைப்பேசியும் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வயலை உழும்போதும், வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதும், குளம் தூர்வாரும்போதும் பொருள்கள் வெளிப்படுகின்றன. அப்போது அருகில் நிற்பவர்களில் நம் மாணவர்களும் இருப்பார்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுள் மறைந்து கிடந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். தெரிவிப்பவரின் பங்குரிமையையும், அரசு பொருளை எடுத்துக்கொண்டால் தரவேண்டிய தொகையையும் அதே சட்டம் வகுத்திருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொன்னால் செய்தி உரிய இடத்துக்குப் போய்ச் சேரும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற செப்புத் திருமேனிகளில் பெரும்பாலானவை இப்படிப் புதையலாகக் கிடைத்து வந்தவைதான்.

தொல்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. உரிமம் இன்றி அவற்றை வணிகம் செய்யவும் முடியாது. நாடுகளுக்கிடையே கள்ளத்தனமாகப் பண்பாட்டுப் பொருள்கள் கைமாறுவதைத் தடுக்க யுனெஸ்கோ 1970ஆம் ஆண்டு கொண்டுவந்த உடன்படிக்கையை இந்தியா 1977இல் ஏற்றது. இவை அனைத்துக்கும் மேலாக, நம் கூட்டுப் பண்பாட்டின் வளமான மரபை மதித்துப் பேணுவது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 51அ பிரிவு சொல்கிறது.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

1. பொருள் பதிவேடு: ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம். பொருளின் பெயர், எதனால் ஆனது, நீள அகல உயரம், யார் வீட்டில் உள்ளது, எங்கிருந்து வந்தது, இந்த விவரத்தைச் சொன்னவர் யார், சொன்ன நாள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம். விவரம் தெரியாத இடத்தைக் காலியாக விடப் பழக்க வேண்டும். ஊகத்தை எழுதி நிரப்பக்கூடாது.

2. ஊர்ப் பெயர்க் கதை: குச்சுப்புல்லால் கூரை வேய்ந்து சனீசுவரருக்குக் கோயில் எழுப்பியதால் குச்சனூர் என்று பெயர் வந்ததாக எங்கள் ஊரில் சொல்வார்கள். இதுபோல் ஒவ்வொரு மாணவரும் தம் ஊர்ப் பெயர் பற்றி மூன்று பெரியவர்களிடம் கேட்டு எழுதட்டும். மூன்று பேரும் ஒன்றையே சொல்கிறார்களா, மாற்றிச் சொல்கிறார்களா? கதைக்கும் சான்றுக்கும் உள்ள வேறுபாடு அங்கே புரிந்துவிடும்.

3. கல் பார்க்கும் நடை: கோயில் சுவர், கண்மாய் மடை, ஊர் எல்லை ஆகிய இடங்களில் எழுத்தோ உருவமோ உள்ள கற்களைப் பெரியவர்கள் துணையோடும் உரியவர்கள் அனுமதியோடும் பார்த்துவரலாம். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும்போது தேய்ந்த எழுத்தும் தெளிவாகத் தெரியும். படிப்பதற்காக மாவு, சுண்ணாம்பு, பெயிண்ட் எதையும் பூசக்கூடாது. கல்லைப் புரட்டவும் தோண்டவும் கூடாது.

4. தேய்க்காதே: மண்ணிலிருந்து கிடைத்த உலோகப் பொருளைப் புளியோ சாம்பலோ போட்டுத் துலக்கக் கூடாது. பச்சையாகப் படிந்திருக்கும் களிம்பு பொருளுக்குப் போர்வை; ஒட்டியிருக்கும் மண் அதன் முகவரி.

5. அடக்கம்: விலைமதிப்புள்ள பொருள் எந்த வீட்டில், எந்தக் கோயிலில் இருக்கிறது என்பதைச் சமூக ஊடகத்தில் போடக்கூடாது. பதிவேடு பள்ளியில் இருக்கட்டும். பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் இருந்தால் அதன் பொறுப்பில் வைக்கலாம்.

மீண்டும் சொம்பு

பாடத்தின் முடிவில் அந்தப் பித்தளைச் சொம்பைச் சுற்றி எல்லோரையும் கூட்டி, கழுத்துக்குக் கீழே விரலால் தடவச் சொன்னேன். புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகள் தட்டுப்பட்டன. இரண்டு எழுத்தில் ஒரு பெயரின் சுருக்கம், அடுத்துத் தேவாரம் என்ற ஊர்ப் பெயர், பிறகு 1938. கொண்டுவந்தவனுக்கே அது தெரியாது. “போய் அம்மாச்சிகிட்ட கேட்டுட்டு வா” என்று அனுப்பினேன்.

மறுநாள் விடையோடு வந்தான். அது அம்மாச்சியின் அம்மாவுக்குக் கல்யாணச் சீராக வந்த சொம்பு. அவர் தேவாரத்திலிருந்து இந்த ஊருக்கு வாழ வந்தவர். தன் குடும்பத்துக்கு அந்த ஊரில் ஒரு வேர் இருப்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பதிவேட்டில் தன் கையால் எழுதினான்: பொருள், அளவு, ஊர், ஆண்டு, சொன்னவர் பெயர். நடுகல்லில் இருப்பதுபோலவே ஒரு பெயரும் ஓர் ஊரும் என்று பக்கத்தில் இருந்த பெண் சொன்னாள்.

“அந்த இன்னொரு சொம்புல என்னடா எழுதியிருந்துச்சு?” என்று ஒருவன் கேட்டான்.

“அம்மாச்சிக்கு ஞாபகம் இல்லையாம்” என்றான்.

பதிவேட்டில் அடுத்த பக்கத்தை அந்தச் சொம்புக்கென்று ஒதுக்கி, பொருளின் பெயரை மட்டும் எழுதிவிட்டு மற்ற இடங்களைக் காலியாகவே விட்டிருக்கிறோம். விலை எவ்வளவு என்று அவன் பிறகு கேட்கவில்லை.